வருவதற்கு முன்பே விளையாடி முடித்தவர்கள்

சாப்பிட்டுக் கை கழுவும்போது உப்புக் கொஞ்சம் குறைவு என்று சொல்பவரை உங்களுக்குத் தெரியும். அவர் சாதாரண மனிதர், அவரை விட்டுவிடுவோம். இங்கே பேசப்போவது வேறோர் இனம். அரிசி களைந்து உலையில் போடும் முன்பே சமையலறைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு உப்புக் குறையும் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போய் உட்காரும் இனம். பந்தல்கால் நடும் முன்பே பந்தியில் எந்த இடத்தில் ரகளை நடக்கும் என்று இவருக்குத் தெரியும். பாலத்துக்கு அடிக்கல் நாட்டும் முன்பே எந்தத் தூணில் விரிசல் விழும் என்று தெரியும். குழந்தை பிறக்கும் முன்பே அது யாரைப் போல அடம்பிடிக்கும் என்று தெரியும். நடந்து முடிந்ததைப் பற்றிக் கேட்டால்தான் கொஞ்சம் தடுமாறுவார், ஏனென்றால் அதற்குள் அடுத்ததற்குப் போயிருப்பார். இவருக்கு வருமுன் தீர்ப்பாளர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இந்த இனத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று ஆகாக் கட்சி. வரப்போவது எதுவானாலும், ஆகா, இதற்காகத்தானே இத்தனை நாள் உயிரோடு இருந்தோம் என்று கண் கலங்குகிற கட்சி. மற்றது ஊஹூம் கட்சி. வரப்போவது எதுவானாலும், ஊஹூம், இந்த மாதிரி எத்தனை பார்த்தாச்சு என்று உதட்டைப் பிதுக்குகிற கட்சி. இரண்டுக்கும் ஜென்மப் பகை. கொள்கை மட்டும் ஒன்றுதான்: பேசப்படும் பொருளை இருவருமே கண்ணால் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டால் பேச்சில் ருசி ஏது?

இரண்டு கட்சிகளையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க ஆசைப்பட்டால், இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு யாங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம், ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த பர்கத்துல்லாவின் கேம் கடைக்குப் போயிருக்க வேண்டும். அது அவருடைய வாப்பா காலத்தில் குடைக் கடை. விற்காமல் போன குடைகள் இன்னமும் மேல்தட்டில் தூங்கின. கீழே இரண்டு வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். மின்சாரம் பேட்டைக்குப் பேட்டை முறை வைத்து வரும். வந்த நொடியில் தெரு முழுக்க "மீ லா பீ", கரண்ட் வந்தாச்சு, என்று ஒரு குரல் எழும்பும். போய்விட்டால் பர்கத்துல்லா வாசலுக்குப் போய் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்பார். கடையில் அவர் வைத்த சட்டம் இரண்டே. பாங்கு சொன்னால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். கெட்ட வார்த்தை பேசினால் வெளியே போக வேண்டும். கட்சி கட்டக் கூடாது என்று மூன்றாவதாக ஒன்று போடத் தவறிவிட்டார்.

ஊஹூம் கட்சியின் தலைவன் ஜாபிர். பகலில் வாப்பாவின் தையல் சாமான் கடையில் பொத்தானும் நூலும் விற்பான், மாலையில் இங்கே வந்து தீர்ப்பு வழங்குவான். ஒவ்வொரு தீர்ப்புக்கும் கடைசியில் "எழுதி வச்சுக்க" என்ற முத்திரை விழும். யாரும் எதையும் எழுதி வைத்ததில்லை. அதுதான் அவனுடைய பெரிய பலம். ஆகாக் கட்சியின் தலைவன் சுரேந்திரன். தாத்தா ரயில்வேயில், அப்பா துறைமுகத்தில், இவன் வெல்டிங் பட்டறையில். இரும்பைப் பொசுக்கிப் பொசுக்கிக் கண் சிவந்திருக்கும், ஆனால் எதையாவது பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்தக் கண்ணே ஒரு வெளிச்சமாக இருக்கும். "வரட்டும்டா, அப்ப தெரியும்" என்பது அவன் முத்திரை.

இவர்கள் இருவரும் விரோதிகள் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கேம் கடையில் மூலைக் கம்ப்யூட்டரின் முன்னால் இரண்டு நாற்காலிகள், ஒன்றில் இவன், ஒன்றில் அவன். ஓட்டுகிற ஆட்டமானால் சுரேந்திரன் ஓட்டுவான், ஜாபிர் வழி சொல்வான். சுடுகிற ஆட்டமானால் சுரேந்திரன் பாய்வான், ஜாபிர் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்ப்பான். நம்புகிறவன் ஒருவன், சந்தேகப்படுகிறவன் ஒருவன் என்று சேர்ந்துவிட்டால் அந்த ஜோடியை யார் ஜெயிக்க முடியும்? பேட்டையில் யாரும் ஜெயித்ததில்லை.

அந்த ஜோடியைப் பிரித்தது ஒரு பத்திரிகை. கப்பலில் வேலை பார்க்கும் யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கடையில் போட்டுவிட்டுப் போன ஆங்கில கேம் பத்திரிகை. அதில் "வைட் ஸ்கை" என்ற ஒரு புது ஆட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். விண்வெளியில் எங்கே வேண்டுமானாலும் போகலாமாம். கண்ணுக்குத் தெரிகிற எந்த நட்சத்திரத்துக்கும் கப்பலைத் திருப்பலாமாம். ஒவ்வொரு கிரகத்துக்கும் தனிக் காற்று, தனி மழை, யாரும் வரைந்து வைக்காமல் தானாகவே முளைக்கும் பிராணிகள். இரண்டு பேர் ஒரே கப்பலில் போகலாம், ஒருவர் ஓட்ட, ஒருவர் வரைபடம் பார்க்க. இதைப் படித்ததும் சுரேந்திரனுக்கு மூச்சு முட்டியது. நம்ம ரெண்டு பேருக்காகவே செஞ்சிருக்கான் என்றான்.

கட்டுரையின் கடைசித் தாள் மட்டும் இல்லை. பர்கத்துல்லாவின் மனைவி நபீஸா, மாலை வடை போடுகிறவர், அதைக் கிழித்து யாருக்கோ வடை மடித்துக் கொடுத்துவிட்டார். மிச்சமிருந்த கட்டுரை "ஆனால்" என்ற சொல்லோடு நின்றது. போதாதா? அந்த "ஆனால்" வரைக்கும் உள்ளதெல்லாம் ஆகாக் கட்சிக்கு வேதம். அந்த "ஆனாலு"க்கு அப்புறம் உள்ளதெல்லாம் ஊஹூம் கட்சிக்கு வேதம். இல்லாத பக்கத்தை ஜாபிர் மனப்பாடமாகச் சொல்வான். கிரகமெல்லாம் காலியாக இருக்கும், கப்பல் ஆமை மாதிரி நகரும், பத்து நிமிஷத்தில் கொட்டாவி வரும், எழுதி வச்சுக்க.

அப்புறம் தினமும் இதே திருவிழாதான். முதலில் யாராவது ஒருவர் ஒரு செய்தி கொண்டுவருவார். செய்தி என்றால், நகர நடுவில் கியாக்டடாவில் ஓர் இன்டர்நெட் கடையில் யாரோ சொன்னதை இன்னொருவர் டீக்கடையில் சொல்ல, அதை இவர் பஸ்ஸில் கேட்டது. உடனே ஆகாக் கட்சி அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளும். ஊஹூம் கட்சி, யார் சொன்னது, அவன் யார், அவனுக்கு என்ன தெரியும் என்று குறுக்கு விசாரணை செய்யும். ஆட்டம் வருவது தள்ளிப்போகிறது என்று செய்தி வந்தால், பார்த்தியா, பிரமாதமாகச் செய்ய நேரம் எடுத்துக்கிறான் என்பார்கள் இவர்கள். பார்த்தியா, ஒன்றும் செய்யவில்லை என்பது தெரிந்துவிட்டது என்பார்கள் அவர்கள். ஒரே செய்தியில் இரண்டு கட்சியும் ஜெயித்த அதிசயத்தை வேறு எந்தத் தேர்தலில் பார்த்திருக்கிறீர்கள்? கடைசியில் சுரேந்திரன் கிழக்குச் சுவர் ஓரம் உட்கார ஆரம்பித்தான், ஜாபிர் மேற்குச் சுவர் ஓரம். மூலைக் கம்ப்யூட்டரின் முன்னால் இரண்டு நாற்காலிகளும் காலியாகக் கிடந்தன. யாரும் எதையும் விளையாடவில்லை. மின்சாரம் வந்தாலும் போனாலும் ஒரே மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் சுரேந்திரனுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை கிடைத்தது. மழைக்காலம் முடிந்ததும் விமானம். அவன் முதலில் மேற்குச் சுவர் ஓரம் போய்த்தான் இதைச் சொன்னான்.

"போறதுக்கு முன்னாடி வைட் ஸ்கை வந்திரும்டா. ஒரு தரமாவது சேந்து ஆடிரணும்."

ஜாபிருக்கு நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. பள்ளிக்கூட பெஞ்சிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவன் கடல் தாண்டிப் போகப் போகிறான். போகாதே என்று சொல்ல ஆசை. ஆனால் வருமுன் தீர்ப்பாளர்களுக்கு ஆசையைச் சொல்லப் பழக்கமில்லை, தீர்ப்புத்தான் வரும். சிங்கப்பூரில் வெயில் மண்டையைப் பிளக்கும், முதலாளி ஏமாற்றுவான், நாலு மாதத்தில் திரும்பி வந்துவிடுவாய், எழுதி வச்சுக்க என்றான். சுரேந்திரன் சிரித்தான். வழக்கமான வெளிச்சம் கண்ணில் கொஞ்சம் குறைவாக இருந்தது.

மழை ஓய்கிற நேரத்தில், சூலே பக்கம் நடைபாதையில் சிடி பரப்பி விற்கும் கோ டின் மாங், பர்கத்துல்லாவின் கடைக்கே வந்து சரக்கை இறக்கினார். சீனா எல்லையிலிருந்து வந்தது என்றார். அட்டையில் கறுப்பு வானம், நட்சத்திரங்கள், பெரிய எழுத்தில் வைட் ஸ்கை. கடையே எழுந்து நின்றது. அதை ஓட்டும் சக்தி மூலைக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் இருந்தது. சுரேந்திரன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டித் துடைத்துவிட்டு ஜாபிரைத் திரும்பிப் பார்த்தான்.

உட்கார்ந்திருக்கலாம். கால் இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டது. ஆனால் கட்சி பார்த்துக்கொண்டிருக்கிறதே. ஆட்டம் வெளிவருமுன் அதை மட்டம் என்று சொன்னவன், வந்த முதல் நாளே போய் உட்காருவதா? "நின்னே பாக்கிறேன்" என்று ஜாபிர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றான். நாற்காலி காலியாகவே இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. எழுத்தெல்லாம் சீனம். ஒருவருக்கும் புரியவில்லை, அதனால் யாருக்கும் தடையுமில்லை. ஒரு வட்ட ஜன்னல், அதற்கு வெளியே ஒரே இருட்டு, அந்த இருட்டில் கப்பல் மிதந்து மிதந்து போயிற்று. மிதக்கிறது பார், புவியீர்ப்பு இல்லாததை எவ்வளவு துல்லியமாகச் செய்திருக்கிறான் என்று சுரேந்திரன் உருகினான். ஆமை வேகம், நான் சொன்னேனா இல்லையா என்றான் ஜாபிர். கொப்புளம் கொப்புளமாக ஏதோ மேலே போயிற்று. அந்தக் கிரகத்தின் வாயு என்றார்கள் ஆகாக் கட்சியினர். நீளநீளமாக ஏதோ ஆடியது. காடு, அதுவும் காற்றுக்கு ஏற்ற மாதிரி ஆடுகிறது என்றார்கள். அதே காட்டைத்தான் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறான் என்றார்கள் அவர்கள். பளபளவென்று ஒரு கூட்டம் ஜன்னலைக் கடந்தபோது ஆகாக் கட்சியில் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வேற்றுலகத்து உயிரினம்! பத்திரிகையில் போட்டபடியே, தானாக முளைத்தது! ஒரு பெரிய நங்கூரம் வந்தபோது மட்டும் எல்லோரும் திரையருகே குனிந்தார்கள். விண்கப்பலும் எங்கேயாவது நிற்க வேண்டாமா என்று சுரேந்திரன் விளக்கினான். மிச்சம் பிடிக்கப் பழைய படத்தைப் போட்டிருக்கிறான் என்று ஜாபிர் விளக்கினான். ஒரு கட்சி எதிர்பார்த்ததெல்லாம் இருந்தது, மறு கட்சி எதிர்பார்த்ததெல்லாமும் இருந்தது. இப்படி ஓர் ஆட்டம் உலகத்தில் உண்டா?

அப்போது, கடைக்கே அக்காவான நபீஸா ராத்தா தேநீர்த் தட்டோடு வந்தார். திரையை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன் தம்பி, கடலுக்குள்ள என்னத்தத் தேடுறீங்க?"

பல மாதங்களுக்கு அப்புறம் முதல் தடவையாக, ஜாபிரும் சுரேந்திரனும் ஒரே பக்கம் நின்றார்கள். இது கடல் இல்லை ராத்தா, விண்வெளி என்று ஒருவன் தொடங்க, அது மீன் இல்லை, அந்தக் கிரகத்து ஜீவன் என்று மற்றவன் முடித்தான். இவன் விட்ட வாக்கியத்தை அவன் பிடித்தான், அவன் விட்டதை இவன். பழைய மாதிரியே, இவன் ஓட்ட அவன் வழி சொல்ல, எவ்வளவு அழகாக விளக்கினார்கள் தெரியுமா? பார்த்த பர்கத்துல்லாவுக்கே மனம் நிறைந்துவிட்டது. நபீஸா பொறுமையாகக் கேட்டார்.

"மத்தி மீன் மாதிரி இருந்துச்சு, அதான் கேட்டேன். ஆறிடும், குடிங்க."

அடுத்த வாரம் முழுக்க இரு கட்சிகளும் வெற்றி விழா கொண்டாடின. அது முடியும் தறுவாயில் கோ டின் மாங் திரும்பி வந்தார். கள்ளச் சரக்கு விற்பவர்தான், ஆனால் வாடிக்கையாளரை ஏமாற்றியதாகப் பேர் வரக்கூடாது என்பதில் கறாரானவர். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். வைட் ஸ்கை இன்னும் வெளிவரவே இல்லையாம், மறுபடியும் தள்ளிப் போட்டுவிட்டார்களாம். எல்லையில் நகல் போடுகிறவன் எப்படியும் வரத்தானே போகிறது என்று அட்டையை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருக்கிறான். கிராக்கி தாங்க முடியாமல் கைக்குக் கிடைத்ததை உள்ளே போட்டு அனுப்பிவிட்டான். அது நீர்மூழ்கிக் கப்பலில் போய்க் கடலடியில் புதையல் தேடுகிற பழைய ஆட்டமாம். பாருங்கள், நம் இனம் எல்லையிலும் ஒரு கிளை வைத்திருக்கிறது!

பர்கத்துல்லா "யா பா டே, பரவாயில்ல" என்று பர்மியத்திலும் தமிழிலுமாக அவரைத் தேற்றி அனுப்பினார். சுரேந்திரன் ஒரு கணம் விழித்தான், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்துவிட்டு, "ராத்தா சொன்ன மத்திதான்டா" என்று ஜாபிரின் தோளைப் பிடித்தான். அந்த இடத்தில் ஜாபிரும் சிரித்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஜாபிர் தோளை விடுவித்துக்கொண்டான்.

"ஏமாத்து வேலையா இருக்கும்னு நான் அப்பவே சொன்னேன்."

சொன்னது உண்மைதான். அவன் சொன்னது நடந்தும் விட்டது. சுரேந்திரனின் கை காற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கீழே இறங்கியது. நண்பனை விடப் பெரிய ஒரு சுகம் இருக்கிறது, நான் அப்பவே சொன்னேன் என்று சொல்வதில். கொஞ்ச நேரம்தான் இருக்கும், ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மனிதன் எதையும் கொடுப்பான்.

விமானத்துக்கு முதல் நாள் சுரேந்திரன் தையல் சாமான் கடைக்கு வந்து, ஏர்போர்ட்டுக்கு வர்றியா என்று கேட்டான். பொத்தானைத் தரம் பிரித்துக்கொண்டே ஜாபிர் பதில் சொன்னான்.

"அங்க என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? உங்கம்மா அழும், வண்டி லேட்டாகும், நீ திரும்பிக்கூடப் பாக்காம உள்ள போயிருவே. எழுதி வச்சுக்க."

போகவில்லை. பர்கத்துல்லா போய்விட்டு வந்து நடந்ததைச் சொன்னார். சுரேந்திரனின் அம்மா சத்யபாமா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, சிரித்த முகமாக வழியனுப்பினார். வண்டி நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. "அந்தப் பயதான், உள்ள போற வரைக்கும் வாசலைத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனான்" என்றார். அன்றைக்கு ஜாபிர் மூலைக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் அழுதான். வெகு நாளாக அப்படி அழுததில்லை. பக்கத்தில் உட்கார வந்த ஒருவனைச் சிடுசிடுத்து அனுப்பிவிட்டான்.

பின்னால் வைட் ஸ்கை நிஜமாகவே வந்தது. ஆனால் இன்டர்நெட் அறாமல் ஓடினால்தான் ஆட்டமும் ஓடும் என்று செய்திருந்தார்கள். யாங்கோனின் இன்டர்நெட்டுக்கு ஒரு புகைப்படம் வந்து சேரவே மூச்சு வாங்கும். ஆகாக் கட்சியும் ஊஹூம் கட்சியும் அதைக் கடைசி வரை தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, எனவே இரண்டு கட்சிகளும் கருத்தை மாற்றிக்கொள்ள அவசியம் ஏற்படவில்லை.

ஒரு மாலை, கடையிலிருந்த ஒரே இன்டர்நெட் கம்ப்யூட்டரில், ஜிடாக்கில் சுரேந்திரனின் குரல் வந்தது. நாலு மாதம் எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. ஒரிஜினல் பெட்டியே வாங்கிவிட்டானாம், வைட் ஸ்கை. ஜாபிரின் நாக்கு பழக்க தோஷத்தில் முந்தியது: கிரகமெல்லாம் காலிதானே?

கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு குரல் வந்தது.

"இன்னும் பிரிக்கலடா. ரெண்டு பேரு ஆடுற ஆட்டம். வரைபடம் பாக்க ஆளில்ல."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஜாபிரிடமிருந்து தீர்ப்பு எதுவும் வரவில்லை, ஒரு கேள்விதான் வந்தது.

"அங்க எப்படிடா இருக்கே?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தான். குரல் போய்ச் சேர வேண்டும், பதில் திரும்பி வர வேண்டும், நடுவில் அவ்வளவு பெரிய கடல். ஒரு மூச்சு காத்திருந்தான். இன்னொரு மூச்சு. அதற்கு மேல் அவனால் முடியவில்லை. "கஷ்டமாத்தான் இருக்கும், எனக்குத் தெரியாதா" என்று தானே சொல்லிவிட்டான். அவன் சொல்லி முடிக்கவும், அந்தப் பக்கம் "ஜாபிர், நான்" என்று குரல் வரவும், மின்சாரம் போகவும் சரியாக இருந்தது. பர்கத்துல்லா ஜெனரேட்டர் கயிற்றை இழுக்க வாசலுக்கு ஓடினார். அது அன்றைக்கென்று பற்றிக்கொள்ளவில்லை.

அந்தப் பதில் என்னவாக இருக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும், இல்லையா? மீதி வாக்கியத்தை நீங்களே முடித்தும் விட்டீர்கள். ஏன், பத்திரிகையின் கடைசித் தாள் கிழிந்தபோதே இவர்கள் இருவரும் இப்படித்தான் பிரிவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தலைப்பைப் பார்த்ததுமே, ஆகா என்றோ ஊஹூம் என்றோ உதடு அசைந்திருக்கும். வெட்கப்பட வேண்டாம். மிங்கலா தாங்ஞுன்டில் அந்த மூலைக் கம்ப்யூட்டர் இன்னும் இருக்கிறது. ஜாபிருக்குப் பக்கத்து நாற்காலியும் காலியாகத்தான் இருக்கிறது. வந்து உட்காருங்கள், உங்களுக்கே செய்தது மாதிரி இருக்கும்.